பக்கத்து ஜில்லா லீவு

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற அதிகாரம் ஒரு ஜில்லாவில் கலெக்டர் ஒருவருக்குத்தான் உண்டு. அந்த நாற்காலிக்கு வர அவர் பெரிய பெரிய பரீட்சையெல்லாம் எழுதியிருப்பார். நான் அப்படி ஒரு பரீட்சையும் எழுதவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே ஒரு முழு வகுப்புக்கும் லீவு விட்டிருக்கிறேன். அதுவும் ஒரு பிள்ளைகூடக் குறையக் கூடாத ஒரு நாளில். இதை நானே ஒத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் என் மகள் சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் வீடு பனச்சமூட்டுக்குப் பக்கத்தில். வாசலில் நின்றால் கேரளம். மீன் வாங்க ரோட்டைத் தாண்டிப் போனால் தமிழ்நாடு. மீனோடு திரும்பினால் மறுபடியும் கேரளம். (வழியில் யாரும் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். மீன் என்ன விலை என்று மட்டும் கேட்பார்கள்.) ஒரு வீட்டுப் பிள்ளை கேரளப் பள்ளிக்கூடத்துக்குப் போகும், அடுத்த வீட்டுப் பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். மழை எல்லை பார்த்துப் பெய்வதில்லை. லீவு மட்டும் எல்லை பார்த்துத்தான் வரும். ஜூன் மாதம் பிறந்துவிட்டால், விடிந்ததும் விடியாததுமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை அம்மாவின் போனைப் பிடுங்கி, கலெக்டர் ஏதாவது போட்டிருக்கிறாரா என்று பார்க்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தமிழும் மலையாளமும் பேச வரும். ஆனால் படிக்க வருவது பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாக்கள், திருவனந்தபுரம் கலெக்டரின் மலையாளப் பதிவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவார்கள். படித்துச் சொல்லி முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

நான் அப்போது வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பொல்லாத ஆசை எல்லோருக்கும் ஒரு வயதில் வருமல்லவா, எனக்கும் வந்தது. ‘மழைமணி’ என்று ஒரு ஆப் செய்தேன். உலகமே சண்டை போடுகிற அந்தப் பெரிய கம்பெனியின் தளத்திலிருந்து இரண்டு கலெக்டர்களின் பதிவுகளை மட்டும் எடுத்து, விளம்பரம் இல்லாமல், பெரிய எழுத்தில், தமிழில் காட்டும். மேலே கன்னியாகுமரி, கீழே திருவனந்தபுரம். அவ்வளவுதான். அடுத்தவன் கிணற்றில் தண்ணீர் கோரி ஊருக்கு ஊற்றுகிற வேலை. தண்ணீர் சும்மா கிடைத்ததால் எனக்கும் தர்மவான் என்ற பெயர் சும்மா கிடைத்தது. நானூறு பேர் போல அதைப் போனில் வைத்திருந்தார்கள். மீன் கடையில் எனக்கு ஒரு மத்தி கூடுதலாக விழும்.

எங்கள் வீட்டிலேயே ஒருவர் மட்டும் மழைமணியைப் போட்டுக்கொள்ளவில்லை. என் அண்ணன் மனைவி ஸெலின் மைனி. பொழியூர் கடற்கரைக்காரர், எங்கள் ஊர் எல்பி ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். “நீ இதே வீட்லதான கெடக்க. வல்லதும் இருந்தா வாயத் தொறந்து பறஞ்சா போராதா? அதுக்கு எனக்கு ஆப் வேணுமாக்கும்?” என்பார். ஊரே போட்டிருக்கிறது, நீங்கள் போட்டுக்கொள்ளாதது எனக்குக் கேவலம் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கிணற்றுக்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, என் எதிர்காலத்துக்கு வாழ்த்தும் சொல்லி, இனிமேல் தங்கள் தளத்திலிருந்து பதிவுகளை எடுக்கக் கட்டணம் உண்டு என்று மூன்றாவது பத்தியில் சொல்லியிருந்தார்கள். கட்டணத்தைப் பார்த்தேன். மாதாமாதம் அந்தப் பணம் என்னிடம் இருந்தால் நான் ஏன் வெப்சைட் செய்கிறேன், நானே ஒரு கம்பெனி வைத்து மற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பமாட்டேனா? சும்மா எடுப்பவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்கள். மாதத்துக்கு இத்தனை தடவைதான் கோரலாம், அதற்குமேல் வாளி இறங்காது.

வெளிநாட்டில் லட்சக்கணக்கான பேர் வைத்திருந்த ஆப்புகளே அந்த வாரம் கடையைச் சாத்தின. செய்தவர்கள் நீளநீளமாக விடைபெறும் கடிதம் எழுதியிருந்தார்கள். சிலர் வாடிக்கையாளர்களிடம் மாதச் சந்தா கேட்டார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ரப்பர் வெட்டுகிற தங்கப்பன் அண்ணன்தான் முதல் பதில் சொன்னார். “மழை உண்டாண்ணு அறியதுக்குக் காசா? மக்கா, தலைய வெளிய நீட்டுனா போராதா?” இன்னொருவர் மனமிரங்கி ஒரு சக்கை (பலாப்பழம்தான்) கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கம்பெனி சக்கை வாங்கிக்கொள்ளுமா என்று விசாரிக்க எனக்கு முகவரி தெரியவில்லை.

கடையைச் சாத்தியிருக்கலாம். சாத்தியிருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை. ஆனால் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. (இத்தனை வருஷத்தில் நான் கண்டது: என் மூளை சும்மா இருக்கிற வரைக்கும் யாருக்கும் ஆபத்தில்லை.)

யோசனை இப்படிப் போயிற்று. ஒவ்வொருவர் போனும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கலெக்டர்களையும் போய்ப் பார்க்கிறது. கேரளத்துக்காரருக்கு எதற்குக் கன்னியாகுமரி கலெக்டர்? ஒன்று போதும். பாதிச் செலவு மிச்சம். யாருக்கு எந்தக் கலெக்டர் என்று எப்படித் தெரியும்? போன் எந்த மாநிலத்து டவரைப் பிடித்திருக்கிறதோ, அந்த மாநிலத்துக் கலெக்டர். ஆளிடம் கேட்கவே வேண்டாம். அடடா என்று எனக்கே தோன்றியது. ஒரு போனுக்கு ஒரு ஜில்லாதான் என்று ஆனபிறகு மேலே ஜில்லா பெயர் எதற்கு? அதையும் எடுத்துவிட்டேன். திரை சுத்தமாக இருந்தது. ‘மழை காரணமாக இன்று பள்ளிகளுக்கு விடுமுறை.’ அவ்வளவுதான், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல.

பெருமை தாங்காமல் மைனியிடம் போய்ச் சொன்னேன். அவர் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

“டவர் மாறிப் பிடிச்சா என்ன செய்வ?”

“டவர் எங்க மைனி மாறும்? அது கம்பி நட்டு வச்சதாக்கும்.”

“எனக்க போன் அடுக்களைல கேரளம், கெணத்தடில தமிழ்நாடுண்ணு காட்டுதே.”

“அது பழைய போன்” என்றேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல அவர் தலையாட்டிவிட்டு மரச்சீனியைத் தொடர்ந்தார். வெயில் நாட்களில் பத்து நாள் சோதித்தேன். என் போன் கேரள டவரை விட்டு அசையவில்லை.

இனி மைனியின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வேலைதான் இந்தக் கதையில் ஊசலாடப் போகிறது.

கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாள் என்றால் டீச்சர்களுக்குத்தான் பரீட்சை. அன்றைக்குள்ள பிள்ளைகளின் கணக்கை வைத்துத்தான் எத்தனை வகுப்பு, எத்தனை டீச்சர் என்று அந்த வருஷத்துக்கு முடிவாகும். எங்கள் எல்பி ஸ்கூல் முழுக்க மலையாள மீடியம். அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தமிழ் மீடியம் ஒன்றாம் வகுப்பைத் தனியாகத் தொடங்கியிருந்தார்கள். பதினைந்து பிள்ளைகள் இருந்தால் தனி வகுப்பு, மைனிக்கு நிலையான வேலை. பதினான்கு என்றால் எல்லோரையும் மலையாள வகுப்போடு சேர்த்துவிடுவார்கள், மைனி வீட்டுக்கு வரவேண்டியதுதான். ஏழு வருஷமாக ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போனால், இன்னொருவர் லீவில் போனால் என்று மாறி மாறி ஒட்டுவேலை பார்த்த மனுஷி. அண்ணனோ வளைகுடாவில் கம்பெனி மூடி, முதுகுவலியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தான். இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டுக்கு இனி வரப்போகிற சம்பளம் மைனியுடையதுதான்.

மே மாதம் முழுக்க மைனி வீடு வீடாக ஏறி இறங்கிச் சரியாகப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்தார். அதில் என் மகள் நியா இல்லை. நானும் என் மனைவி சுஜாவும் அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். டை, ஷூ, பெல்ட் எல்லாம் உண்டு. மைனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நல்ல ஸ்கூலாக்கும், கொச்சுப்பிள்ள நல்லா படிக்கட்டு” என்று மட்டும் சொன்னார்.

ஆறாவது நாளுக்கு முந்தின சாயங்காலமே பேய்மழை பிடித்துவிட்டது. காலையில் கரண்ட் இல்லை. சுஜா காட்டாக்கடையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். மைனியும் பாயசத்துக்கு அடைப் பொட்டலமும் சர்க்கரையும் பையில் போட்டுக்கொண்டு ஏழரைக்கே கிளம்பிவிட்டார். நாளைக்குப் பாயசம் உண்டு என்று பிள்ளைகளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தாராம். நான் மழைமணியைத் திறந்தேன். ‘மழை காரணமாக இன்று பள்ளிகளுக்கு விடுமுறை.’ இந்த மழைக்கு இரண்டு பக்கமும் லீவுதான் இருக்கும் என்று நியாவிடமும் சொன்னேன். அவள் டையைக் கழற்றி நாய்க்குக் கட்டிவிட்டு வந்தாள்.

ஆப்பைப் பார்த்தவர்கள் கணக்கு மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. கட்டணம் கட்டாமலே ஊருக்குச் சேவை செய்துவிட்டேன் என்று திருப்தியாகச் சாயாவை ஊதிக் குடித்தேன். அமெரிக்காக்காரர்கள் என்னிடம் வந்து படிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஒன்பதரைக்கு மைனி கூப்பிட்டார். லைன் கொரகொரவென்றது.

“சஜி, ஒரு காரியம் உண்டு. பிள்ளைய ரெண்டெண்ணந்தான் வந்திருக்கு. எனக்கு வெப்ராளமா வருது.”

“மைனி, இன்னைக்கு லீவுல்லா? நீங்க என்னத்துக்குப் போனீங்க?”

“ஆரு விட்ட லீவு?”

“கலெக்டர்.”

“எந்தக் கலெக்டர்?”

திரையைப் பார்த்தேன். ஜில்லா பெயர் இல்லை. நான்தான் அதை எடுத்துவிட்டேனே. திரையின் மேல்மூலையைப் பார்த்தேன். என் போன் அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருந்தது.

நடந்தது பிறகு தெரிந்தது. மழையில் மரம் விழுந்து எங்கள் பக்கம் கரண்ட் போக, விடிவதற்குள் கேரள டவரின் பேட்டரியும் படுத்துவிட்டது. ஊரிலுள்ள போனெல்லாம் ஆளுக்கொரு கோடு சிக்னலுக்காக ரோட்டுக்கு அந்தப் பக்கமுள்ள தமிழ்நாட்டு டவரைப் போய்க் கட்டிக்கொண்டன. கன்னியாகுமரி ஜில்லாவுக்கு அன்று உண்மையிலேயே லீவு. மழைமணி அந்த லீவை எடுத்துக் கேரளத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய எழுத்தில், சுத்தமான தமிழில், ஜில்லா பெயர் இல்லாமல் விநியோகித்துவிட்டது. மலையாள வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வீட்டில் மலையாளத்திலேயே படித்துக்கொள்வார்கள், என் ஆப் அங்கே கிடையாது. தமிழ் படிக்கிற வீடுகளில்தான் நான் செல்வாக்கான ஆள்.

“மைனி, இது எனக்க தப்பாக்கும்” என்றேன்.

மைனி திட்டியிருந்தால் தேவலை. “பன்னெண்டு மணிக்கு ஆபீசர் எண்ண வருவாரு” என்று மட்டும் சொன்னார். “பட்டியல்ல பேரு இருந்தா போராது, பிள்ளைய கண்ணால காணணும்ணு சொல்லுத ஆளாக்கும். நான் வீடுகளுக்கு விளிச்சேன். பாதிப் பேருக்கு லைன் போவல. மீதி உள்ளவங்க, மொபைல்ல லீவு கெடக்கே டீச்சரேங்கிறாங்க.”

ஆப்பைத் திருத்தி எல்லோருக்கும் சரியான செய்தி காட்டலாம் என்று சார்ஜ் மிச்சமிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். இந்த மாதத்துக்கான அளவு தீர்ந்துவிட்டது, தொடர விரும்பினால் கட்டணம் செலுத்துங்கள் என்று கம்பெனி மரியாதையாகச் சொன்னது. லீவு நிஜம்தானா என்று பிள்ளைகள் காலையிலிருந்து திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தே முழுசையும் தீர்த்திருந்தார்கள். கடைசியாக எடுத்த செய்தியோடு மழைமணி அப்படியே உறைந்து நின்றது. நானூறு போனிலும் லீவு, லீவு, லீவு.

நேரில் போவதைத் தவிர வழியில்லை. பக்கத்து வீட்டு விஜயன் அண்ணனின் ஆட்டோவைப் பிடித்தேன். நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் நியா மஞ்சள் மழைக்கோட்டோடு உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கச் சொல்லி மல்லுக்கட்ட நேரமில்லை.

முதல் வீட்டில் ஒரு அம்மா வாசலிலேயே மறித்தார்.

“லீவுண்ணு மொபைல்ல கெடக்கு. கலெக்டர் பறஞ்சதுக்க மேல நீ யாரு?”

“அக்கா, அந்த ஆப்ப செஞ்சதே நானாக்கும். அது தப்பா காட்டுது.”

“அப்பம் நீதான லீவுண்ணு போட்ட? காலம்பற உண்டுங்க, இப்பம் இல்லங்க. ஒரு வாக்குல நிக்கமாட்டியா?” என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். என் ஆப் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நம்பகமான செய்திக்கு மழைமணி என்று அதன் நெற்றியில் எழுதியிருந்ததும் நான்தான்.

வாதாடிக்கொண்டிருந்தபோது ஆட்டோவுக்குள்ளிருந்து நியா கத்தினாள். “எலே, ஸ்கூல்ல பாயசம் உண்டு! சீக்கிரம் வா!”

கட்டிலுக்கடியில் இருந்து ஒரு பையன் பையோடு வந்தான்.

அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவன் பேசாமல் உட்கார்ந்திருக்க, ஐந்தரை வயதுப் பிள்ளை வீட்டுக்கு வீடு தலையை நீட்டி ஒரே ஒரு செய்தியை அறிவித்தது. பதிவு சின்னது, எல்லோருக்கும் புரிந்தது, கட்டணமும் கிடையாது. ஒரு வீட்டில் லீவுதானே என்று யூனிபார்மைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை முழங்கால் வரை தொங்குகிற அண்ணன் சட்டையோடு ஏறியது. இன்னொருவன் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்த மீனை விடமாட்டேன் என்றதால் மீனும் ஒரு பாட்டிலில் ஆட்டோ ஏறியது. நாலு நடை அடித்தோம். விஜயன் அண்ணன் வளைவுதோறும், “நான் ஆட்டோல ஆடு ஏத்தியிருக்கேன், கோழி ஏத்தியிருக்கேன், இந்த ஒச்சப்பாடு கேட்டதில்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பதினொன்றரைக்குள் பன்னிரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கினேன். ஏற்கெனவே வந்திருந்த இரண்டு பேரையும் (அவர்கள் வீட்டுப் போன் தண்ணீரில் விழுந்து ஒரு வாரமாயிற்று, அந்தப் போனுக்கு நான் கோயில் கட்டலாம்) சேர்த்தால் பதினான்கு. பதினைந்தாவது பிள்ளையின் வீட்டில் பூட்டு தொங்கியது. லீவுதானே என்று ஆரியங்கோட்டில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்களாம். போன் எடுக்கவில்லை. மழையில் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அரை மணி நேரம்தான் இருந்தது.

மைனியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வராந்தாவில் நனைந்துகொண்டே நின்றேன். உள்ளே பிள்ளைகளை வரிசையாகத் தட்டோடு உட்கார்த்தியிருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ரமாதேவி டீச்சர் மலையாளி, தமிழ் நன்றாகவே பேசுவார். வாசலில் நின்று விரலை நீட்டி எண்ணினார். “பதிமூணு, பதிநாலு, பதினஞ்சு! ஸெலினே, பதினஞ்சு உண்டு! ரக்ஷப்பட்டு!”

மைனி சிரிக்கவில்லை. “டீச்சரே, கடைசில இருக்கது எங்க வீட்டுக் கொச்சாக்கும்.”

நியா மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், வரிசையின் கடைசியில், ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு பாயசத்துக்குக் காத்திருந்தாள்.

“இவ எங்க படிக்கா?” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்.

“அப்பறத்த ஸ்கூல்ல. தமிழ்நாட்ல.”

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னைக்குக் கூடி அட்மிஷன் எடுக்கலாம்” என்று யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார். “ஒண்ணாம் கிளாஸிலே புதுக் குட்டி. பிறந்த சர்ட்டிபிக்கேட்டும் ஆதாரும் இருந்தா மதி.”

“வேண்டாம் டீச்சரே” என்றார் மைனி சட்டென்று. “அவங்க ரெண்டு பேரும் ஆசப்பட்டுச் சேத்த ஸ்கூலாக்கும் அது. எனக்க காரியத்துக்குக் கொச்சுக்க படிப்ப மாத்தப்பிடாது. நடக்கது நடக்கட்டு.” சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துப் பாயசத்தைக் கிண்டப் போனார். கிண்ட வேண்டிய பாயசமே இல்லை அது, எப்போதோ இறக்கியாகிவிட்டது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. மே மாத வெயிலில் அலைந்து அவர் சேர்த்த பதினைந்தை நான் ஒரு காலைச் சாயாவில் கலைத்துவிட்டேன். முன்னால் ஒரு தடவைகூட நியாவைத் தா என்று அவர் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

சுஜாவைக் கூப்பிட்டேன். முழுதையும் சொன்னேன். அவளுக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க இந்த ஆப்ப செய்யும்போ நான் என்ன சொன்னேன்?” என்றாள்.

“நல்லா இருக்குண்ணு சொன்ன.”

“அது கல்யாணம் கழிஞ்ச புதுசு.” இருமுகிற ஆளைப் படுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். “மைனிக்கு வேல போனா நாளைக்கி நான் அவங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்? சேத்துவிடுங்க. ரெண்டு நாளா அந்த டையக் கெட்டதுக்கு அவளும் அலறா, நானும் அலறேன். மைனிகிட்ட இருக்கட்டு. அங்க கெட்டின பீஸ் போனா போவட்டு.”

“கோவமா சொல்லுதியா, நெசமா சொல்லுதியா?”

“ரெண்டுந்தான். வைங்க போன, இஞ்ச ஊசி போட ஆளு நிக்கி.”

போனிலிருந்த சர்ட்டிபிக்கேட்டை ஹெட்மிஸ்ட்ரஸிடம் காட்டினேன். பாரத்தில் கையெழுத்துப் போட்டபோது என் கையிலிருந்து தண்ணீர் சொட்டி மை கலங்கியது. கரண்டியைப் பிடித்தபடி மைனி வந்து பார்த்தார். “மக்கா, வேண்டாம்லே” என்றார். “சுஜா பறஞ்சாச்சு மைனி” என்றேன். எங்கள் வீட்டில் அதற்குமேல் அப்பீல் கிடையாது என்று அவருக்கும் தெரியும்.

பன்னிரண்டரைக்கு ஆபீசர் பைக்கில் தொப்பலாக நனைந்து வந்தார். மழைக்கோட்டைத் தூணில் மாட்டிவிட்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பெரிய சட்டைக்காரனிடம் பெயர் கேட்டார். பாட்டில் மீனிடம் பெயர் கேட்காததுதான் பாக்கி. கடைசியாக நியாவிடம் வந்து, “மோள்க்கு ஈ ஸ்கூல் இஷ்டமாயோ?” என்று கேட்டார்.

நியா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “இன்னும் கொஞ்சம் பாயசம் கிட்டுமா?” என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மைனி அவர் பைக் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு ஸ்டோர் ரூமில் போய் நின்று அழுதார். ஹெட்மிஸ்ட்ரஸ் கதவைச் சாத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் மைனி மீன் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார். “எனக்கு ஒரு காரியம் மனசிலாகல சஜி. நானூறு போனும் தனித்தனியா போயி அந்தக் கம்பெனில கோரணுமா? எங்க ஊர்ல ஒருத்தி கடப்புறம் போயி மீன் வாங்கிட்டு வந்து நாலு வீட்டுக்குப் பங்கு வைப்பா. நாலு வீடும் எறங்கிப் போவாது. உனக்க ஆப்புக்கு அது அறியாதா?”

சரிதானே. ஒரே இடத்தில் ஒரு தடவை எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டால் கம்பெனி சும்மா தருகிற அளவே மிச்சப்படும். இரண்டு ஜில்லாவும் காட்டலாம், பெயரும் போடலாம், டவர் எப்படிப் போனால் என்ன? இன்றைக்கு பிளஸ் டூ பிள்ளைகள்கூட இதைச் சொல்லிவிடும். ராத்திரி பகலாக யோசித்துப் பக்கத்து ஜில்லா லீவைக் கொண்டுவரத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை. மறுநாளே அப்படி மாற்றினேன். கம்பெனி அதன்பிறகு எத்தனையோ தடவை விதியை மாற்றிவிட்டது, அளவையும் குறைத்துவிட்டது, மழைமணி இன்னும் தட்டுத்தடுமாறி ஓடுகிறது. ஜில்லா பெயர் மற்ற எழுத்தைவிடப் பெரிதாக இருக்கும். மைனி மட்டும் இன்னும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஊர் என்னைச் சும்மா விடவில்லை. விஜயன் அண்ணன் இப்போதும் சாயாக்கடையில் என்னைக் கண்டால் எழுந்து நின்று, “கலெக்டர் சாரே, நாளைக்கி நமக்கு உண்டா?” என்று கேட்பார். மீன்காரி கூடுதல் மத்தியை நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினாள்.

நியா அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். இப்போது மூன்றாம் வகுப்பு. தமிழும் மலையாளமும் தடுமாறாமல் படிக்கிறாள், டை கட்டியதில்லை. மைனி நிலையான டீச்சர். அண்ணன் முதுகுக்கு வைத்தியம் நடக்கிறது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் நியா கதையைத் தொடங்கிவிடுவாள், சுஜாவும் மைனியும் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அவளுடைய கதையில் டவரும் இல்லை, கம்பெனியும் இல்லை, கட்டணமும் இல்லை. இவ்வளவுதான்:

“அண்ணைக்கு ஊர்ல உள்ள பிள்ளையளுக்கெல்லாம் ஸ்கூலு. எனக்கு ஒருத்திக்கு மட்டும் நெசமாவே லீவு. எங்க அப்பா எல்லாருக்கும் லீவு விட்டுட்டு, என்னக் கொண்டுபோயி ஸ்கூல்ல சேத்தாரு.”